மேசையைத் தாண்டிய பேச்சு

போன வாரக் கதையில் குருவியைக் கடை வாசலில் மழையில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேனாம். ஒரு வாசகி தொலைபேசியிலேயே பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல?" என்றார். இருக்கிறாள் அம்மா. அதனால்தான் குருவியை உள்ளே கூப்பிட எனக்கே தயக்கம். உள்ளே வந்தால் அவள் எதைக் கேட்க நேரும் என்று எனக்குத் தெரியுமே.

சரி, வரட்டும். நனைந்தது போதும்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. இது படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடுகிற கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கடையை வைத்த அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். இப்போது நடத்துவது மூத்த மகன். சின்ன வயதிலிருந்தே நாற்காலி மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்வார் என்பதால் அவருக்குப் பிரசங்கி என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில், அவரைச் சபைக்கு மூப்பராக ஏற்படுத்தப் போகிறார்கள்.

அவருடைய தங்கை குருவி, அப்படிப் பாடுவாள் என்பதால் குருவி. கல்யாணம் ஆகாமல் வயிற்றில் பிள்ளையோடு இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை விட்டுப் போனவள். சபைக்கு முன்னால் நிறுத்தி, பெயர் சொல்லி, திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பதாக இருந்தார்கள். அதற்கு முந்தின நாள் விடிகாலையில் பஸ் ஏறிவிட்டாள். இப்போது தூரத்து நகரத்தில் அவளே பஸ் ஓட்டுகிறாள். மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அப்பாவின் அடக்கத்துக்குக்கூடக் குருவி வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று ஊரே பேசியது.

இப்போது அண்ணன் மூப்பராவதைப் பார்க்க வந்திருக்கிறாள். ஒரு கையில் பை, மறு கையில் கழற்றிய செருப்பு.

அம்மா வெளியே வந்தாள். மகளைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நீங்கள் நினைத்தால் இந்த அம்மாவை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம்.

"செருப்பைப் போட்டுக்கோடி," என்றாள். "கண்ணாடிக் கடைன்னு மறந்துட்டியா?"

மற்ற வீடுகளில் செருப்போடு நுழைந்தால் திட்டு விழும். இந்த வீட்டில் செருப்பில்லாமல் நடந்தால் விழும். எங்கே எந்தச் சில்லு கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? குருவி செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கும் வந்தது. அதை ஒளிக்க, "தலையைத் துவட்டு முதல்ல," என்று முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு கத்தினாள்.

பிரசங்கி காதில் பென்சிலோடு ஓடி வந்தார்.

"அண்ணா, தொப்பை போட்டிருச்சே."

"மூப்பர்னா கொஞ்சம் கனம் வேணாமா?"

"கனமா? ரெண்டு பேர் சீட்டு வேணும் உனக்கு. என் பஸ்ல ஏறினா ரெண்டு டிக்கெட்."

அண்ணி சிரித்துக்கொண்டே துண்டை நீட்டினாள். அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். குருவி போனபிறகு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். நாத்தனாரைத் தொலைபேசியில் மட்டுமே தெரியும்.

குருவி பையைத் திறந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். "நாளைக்கு இதைத்தான் போடணும். அளவு குத்துமதிப்பா எடுத்தேன். இந்தத் தொப்பையை நான் எதிர்பார்க்கல."

பிரசங்கி சட்டையை வாங்கினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாதவர் போல அதை நாற்காலி முதுகில் மெதுவாகப் போட்டார்.

வீடு அப்படியே இருந்தது. மரத்தூளும் பசையும் கலந்த அந்த வாசனை. சுவர் முழுக்க மரச் சட்டத்தின் மூலைத் துண்டுகள், ஒவ்வொரு ரகத்துக்கும் ஒன்று. முற்றத்தில் கண்ணாடித் தகடுகளை ஏற்றிப் போகும் தள்ளுவண்டி, சக்கரம் கொஞ்சம் கோணலாக.

"இந்த வண்டியை இன்னுமா வச்சிருக்கே?"

"உன்னை இதுல ஏத்தி ஸ்கூலுக்குத் தள்ளிக்கிட்டுப் போனது ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? இறக்கத்துல கையை விட்டுட்டே. நேரா வேலியில போய் முட்டினேன்."

"வழுக்கிருச்சு."

"விட்டே. இப்பவாவது ஒத்துக்கோயேன்."

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். அந்த நாளில் இந்த முற்றத்தில் சிரிப்புக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. அப்பா சட்டம் அறுக்கும்போது சீட்டியடித்துக்கொண்டே ஒரு ஞானப்பாட்டைத் தொடங்குவார். மகன் நடுக்குரலில் சேர்ந்துகொள்வான். குருவி மேலே ஏறி எங்கோ போய்விடுவாள். அம்மா தாளம் போடுவாள், தப்பாக. படம் வாங்க வந்தவர்கள், படம் தயாராகிவிட்டது என்று சொன்ன பிறகும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வீடு. நினைத்தால் எனக்கே ஏக்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு பக்கம் மட்டும் குருவி திரும்பவில்லை. கடைச் சுவரின் நடுவில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. சட்டம் உண்டு, கண்ணாடி இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி இல்லை. அடக்கத்துக்கு முன்னால் பிரசங்கி வெட்டிப் பார்த்தார். கை நடுங்கி உடைந்தது. மறுபடி வெட்டினார், மறுபடியும் உடைந்தது. துக்கத்தில் இருக்கிறார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அதன்பிறகு அவர் அந்த வேலையைத் தொடவே இல்லை. அம்மா தினமும் காலையில் காய்ந்த துணியால் படத்தின் தூசியைத் துடைப்பாள்.

மதியச் சாப்பாட்டின்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "நாளைக்குத் திருவிருந்து. சாப்பிட்டதும் மேசையில உக்காரலாம்."

பிரசங்கி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"என்ன மேசை அத்தை?" என்றாள் அண்ணி. அவள் வந்த பிறகு அந்த வழக்கமே இல்லை.

சொல்கிறேன். அது அப்பா ஏற்படுத்திய வழக்கம். சகோதரனுக்கு உன் மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று வேதம் சொல்லுகிறதல்லவா? அதை அப்பா அப்படியே எடுத்துக்கொண்டவர். திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மதியம் கடை ஷட்டரை இறக்குவார். கண்ணாடி வெட்டும் மேசையைக் காலி செய்வார். உளி, ஊசி, ஆணி எல்லாம் இழுப்பறைக்குள் போகும். "கூரா இருக்கறது எதுவும் மேசை மேல இருக்கக் கூடாது," என்பார். நால்வரும் சுற்றி உட்கார்வார்கள். யார் மேல் யாருக்கு என்ன மனத்தாங்கல், யார் என்ன தப்பு செய்தார்கள், ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

"குருவி என் பென்சிலைக் கடிச்சிட்டா," என்பான் மகன்.

"நான் காலையில உங்க அப்பாவை மனசுக்குள்ள கழுதைன்னு திட்டினேன்," என்பாள் அம்மா.

"மனசுக்குள்ள இல்ல. எனக்கு நல்லாவே கேட்டுச்சு," என்பார் அப்பா.

எல்லாம் முடிந்ததும் அப்பா உள்ளங்கையால் மேசையை ஒருமுறை துடைப்பார். "மேசையோட போச்சு," என்பார். அவ்வளவுதான். அங்கே பேசியது ஷட்டரைத் தாண்டக் கூடாது. மறுபடி அதைக் குத்திக்காட்டவும் கூடாது.

அந்த மேசையில்தான் பத்தொன்பது வயதுக் குருவி தன் வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொன்னாள். காரணமானவன் ஊரை விட்டே ஓடிவிட்டான் என்றும் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. அவள் தலையில் கை வைத்தார். "மேசையோட போச்சு. மத்ததை நாம நிதானமா யோசிப்போம்," என்றார்.

யோசிக்க விட்டால்தானே. அடுத்த இரண்டு நாளில் சபை முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பாடகர் குழுவில் அவள் நிற்கிற இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்கள். போதகர் கூப்பிட்டு அனுப்பினார். குருவி போய் இறங்கிய ஊரின் பஸ் நிலையத்திலிருந்து கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கதானே பாஸ்டர்கிட்ட சொன்னது?"

"ஆமாம்மா. நான்தான்," என்றார் அப்பா.

அவள் ரிசீவரை வைத்தாள். அதன்பிறகு அப்பாவோடு அவள் பேசவே இல்லை. அடக்கத்துக்கு வராததும் அதனால்தான்.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம் சொல்கிறேன். மேசையைத் தாண்ட விடாதீர்கள். சொன்னது அப்பா இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வாலிபர் ஜெபக் கூட்டம். பிரசங்கிதான் செயலாளர். "ஜெபக் குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்கள். ஒருவர் பரீட்சை என்றார், ஒருவர் வேலை என்றார். பிரசங்கி எழுந்தான். "என் தங்கச்சிக்காக ஜெபிச்சுக்கோங்க," என்றான். அதோடு உட்கார்ந்திருக்கலாம். எதற்காக என்றும் சொன்னான். குரல் தழுதழுக்கச் சொன்னான். சேதி வாய் மாறி ஊர் சுற்றியதில் முதலில் சொன்னது யார் என்பது தொலைந்துபோனது.

கெட்ட எண்ணமா என்று கேட்டால், பாதிதான். உண்மையிலேயே தங்கைக்காகத் துடித்தான். ஆனால் அறையே சத்தமடங்கியதும், எல்லோரும் அவனை இரக்கத்தோடும் மரியாதையோடும் பார்த்ததும் அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவமானத்திலெல்லாம் பெரிய அவமானம். அதை அவர் இந்த இருபது வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன போகும் என்று அவருக்குத் தெரியும். மூப்பர் பதவி போகட்டும், அது கிடக்கட்டும். குருவி போய்விடுவாள். பிறந்தநாள் தவறாமல் கூப்பிட்டுப் பேசிய ஒரே உறவு, பிள்ளை பிறந்தபோது போர்வையோடு போய் நின்ற ஒரே ஆள் என்று அவள் உருகுகிறாளே, அந்த அண்ணன் போய்விடுவான்.

ஷட்டர் இறங்கியது. அம்மாவே இறக்கினாள். மேசை மேல் விரித்திருந்த பச்சைக் கம்பளித் துணியைத் தட்டிப் போட்டாள். கூரானதெல்லாம் இழுப்பறைக்குள் போயின. நாலாவது நாற்காலியில் அண்ணி உட்கார்ந்தாள்.

"நானே ஆரம்பிக்கிறேன்," என்றாள் அம்மா. "மருமக வைக்கிற ரசத்தை... சரி, எந்தக் குழம்பா இருந்தா என்ன, அவ பார்க்காதப்போ நான் உப்பு அள்ளிப் போடுவேன்."

"தெரியும் அத்தை. அதனாலதான் நான் உப்பே போடறதில்ல," என்றாள் அண்ணி.

குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிரசங்கியும் சிரிக்கப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

குருவியின் முறை வந்தது.

"எனக்கு ரெண்டு விஷயம் இருக்கு," என்றாள். "நான் செஞ்சது தப்புதான். அதுக்காகக் கடவுள்கிட்ட எத்தனையோ தடவை அழுதாச்சு. அவர் என்னைத் தள்ளலைன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பொண்ணைக் கொடுத்தார், ஒரு வேலையைக் கொடுத்தார். அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அப்பாவை என்னால மன்னிக்க முடியல. முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன், வரல. இந்த மேசையில உக்கார வச்சு, தலையில கையும் வச்சு, அப்புறம் போய்ச் சொல்லிட்டாரே. அந்தக் கசப்பை மனசுல வச்சுக்கிட்டு நாளைக்கு நான் திருவிருந்து எடுக்க மாட்டேன். பின் பெஞ்ச்ல உக்காந்து அண்ணனைப் பார்த்துட்டுக் கிளம்பிடுவேன்."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணு அண்ணனுக்கு. அப்பா கைவிட்டப்போ நீதான் அண்ணா எனக்கு அப்பாவா இருந்தே. நேர்ல சொல்லணும்னு இத்தனை வருஷம் வச்சிருந்தேன்."

பிரசங்கி மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பெரியவனே, உன் முறை," என்றாள் அம்மா.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

அம்மா கம்பளித் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள். "எனக்கு ஒரு சந்தேகம்டா. நீதான் வேதம் படிச்சவன். பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழை கட்டினாரே ஒரு பெரியவர், அவர் ஒருநாள் குடிச்சுட்டு அலங்கோலமாக் கிடந்தார். ஒரு மகன் அதைப் பார்த்துட்டு வெளியில போய்ச் சொன்னான். மத்த ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பின்பக்கமா நடந்து போய் அப்பனைப் போர்த்தினாங்க. குடிச்சது தப்புதான். ஆனா சாபம் யார் வீட்டு மேல விழுந்துச்சு?"

"அம்மா..."

"சொன்னவன் வீட்டு மேல. இந்தக் கதையே உங்க அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருபது வருஷமா உன் பிரசங்கத்தை முன் பெஞ்ச்ல உக்காந்து கேக்கறேன். எல்லாப் பகுதியிலும் பேசிட்டே. சிறுவர் பள்ளியில பிள்ளைங்களுக்குப் பேழையைச் சொல்லுவே, மிருகங்களைச் சொல்லுவே, வானவில்லைச் சொல்லுவே. அதோட மூடி வச்சிடுவே. அதுக்கு அடுத்த பக்கத்தை மட்டும் நீ தொட்டதே இல்ல. அதை வச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

குருவி அம்மாவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "என்ன தெரிஞ்சுது?"

இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. பிரசங்கி நிமிர்ந்தார்.

"நான்தான் சொன்னேன், குருவி."

"யார்கிட்ட?"

"வாலிபர் கூட்டத்துல. ஜெபக் குறிப்புன்னு."

"ஜெபக் குறிப்பு," என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள். "நான் கூப்பிட்டப்போ அப்பா நான்தான்னு சொன்னாரே. அப்போ நீ எங்கே இருந்தே?"

"பக்கத்துல. கையில பெரிய கண்ணாடி வச்சிருந்தேன். கீழே வைக்கவும் தோணல. அப்பாவுக்கு அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாலதான் தெரியும். என்னைக் கேட்டுக்கிட்டு இருந்தார், அப்பதான் போன் வந்துச்சு. என்னையே பார்த்துக்கிட்டு உன்கிட்ட அப்படிச் சொன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் ரிசீவரை வச்சார். 'அப்பன் இன்னைக்கோ நாளைக்கோ போயிடுவான். அவளுக்கு அண்ணன்னு ஒருத்தனாவது மிச்சம் இருக்கட்டும்'னார். போய் வேலையைப் பாருடான்னார். சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்ல."

குருவி எழுந்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. நேரே முற்றத்துக்குப் போய்த் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. அவள் அழுதது அண்ணனுக்காக இல்லை, தனக்காகவும் இல்லை. செய்யாத குற்றத்தை நான்தான் என்று ஏற்றுக்கொண்டு, மகள் ஒருநாள் வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே செத்துப்போன அப்பாவுக்காக அழுதாள். ஒரு பிடி மண் போடவாவது வந்திருக்கலாமே என்று அழுதாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

அண்ணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் இது புதிய சேதி. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷனிடம் இப்படியொரு கதவு பூட்டிக் கிடந்ததா என்றிருந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கடைத் தொலைபேசி அடித்தது. போதகர். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லக் கூப்பிட்டிருந்தார்.

"பாஸ்டர்," என்றார் பிரசங்கி. குரல் பழைய மாதிரி தழுதழுத்தது. "ஆராதனையில எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும். சபை முன்னால ஒரு பாவத்தை அறிக்கை செய்யணும். பல வருஷத்துக்கு முன்னால என் தங்கச்சிக்கு..."

பின்னாலிருந்து ஒரு கை வந்து தொலைபேசியை அமுக்கியது. இணைப்பு அறுந்தது.

"என்ன பண்றே?" என்றாள் குருவி. கண் இன்னும் சிவந்திருந்தது.

"உண்மையைச் சொல்லப் போறேன். எல்லார் முன்னாலயும். என் பழியை அப்பா சுமந்தார்னு சொல்லப் போறேன். மூப்பர் பதவியும் வேணாம். அதுதானே நியாயம்?"

"என்னைக் கேட்டியா?"

பிரசங்கி ரிசீவரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கும் என்னைக் கேக்காமதான் சபைக்குக் கொண்டு போனே. இன்னைக்கும் கேக்கல. அன்னைக்கு ஜெபக் குறிப்பு, இன்னைக்குப் பாவ அறிக்கை. ரெண்டுலயும் நடுவுல நிக்கறது நான்தான். நீ அழுவே. எல்லாரும் உன்னைப் பார்த்து, ஆகா எவ்வளவு தாழ்மைன்னு சொல்லுவாங்க. அப்புறம் திரும்பிப் பின் பெஞ்ச்ல என்னைப் பார்ப்பாங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா அண்ணா. அவளையும் சேர்த்துத்தான் பேசுவாங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மண்டியிட்டுக் கேட்டால் தீரும் பாவம் என்று நினைத்திருந்தார். அதையே அல்லவா மறுபடி செய்யப் போனார்.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"உன் பாவத்தைச் சொல்லு. என் கதையைத் தொடாம சொல்லு."

"அது எப்படி முடியும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே பிரசங்கி. வார்த்தைக்கா பஞ்சம் உனக்கு?"

அவள் கடைக்குள் போய்ச் சுவரிலிருந்து அப்பாவின் படத்தை இறக்கினாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்து இழுப்பறையைத் திறந்து கண்ணாடி வெட்டும் கருவியை எடுத்தாள். அதன் முனையை மண்ணெண்ணெயில் நனைத்தாள். எல்லாம் கைக்கு மறக்கவில்லை. பெரிய தகடு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. தனியாகத் தூக்க முடியாது.

"அந்தப் பக்கம் பிடி," என்றாள்.

பிரசங்கி பிடித்தார். இருவருமாகக் கண்ணாடியைப் பச்சைத் துணி மேல் கிடத்தினார்கள். அவள் அளந்தாள், அளவுகோலை வைத்தாள்.

"குருவி, என்னை..."

"பேசாதே. கோடு போடறப்போ பேசக் கூடாது. அப்பா சொல்லியிருக்கார்."

கண்ணாடியில் ஒரே ஒரு கோடுதான் போடலாம். சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு தரம் இழுத்தால் கண்ணாடி கோணலாக உடையும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கோடு முழுக்க ஒரே சீரான ஓசை கேட்டது. கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தி அமுக்கினாள். கோட்டோடு நேராகப் பிரிந்தது.

அம்மா வாய்க்குள் ஏதோ முனகினாள். ஸ்தோத்திரமாக இருக்கும்.

குருவி கண்ணாடியைத் துடைத்துப் படத்தின் மேல் வைத்தாள். சட்டத்துக்குள் பொருத்திப் பின்னால் ஆணி அடித்தாள். நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். அப்பா தெளிவாக இருந்தார். அவள் உள்ளங்கையால் மேசையை ஒருமுறை துடைத்தாள்.

"மேசையோட போச்சுப்பா," என்றாள். "நாளைக்கு நான் பின் பெஞ்ச்ல உக்கார மாட்டேன்."

மேசையின் அடுத்த பக்கத்தில் பிரசங்கி நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்குச் சொன்ன அந்த வார்த்தையைத் தனக்கும் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. மேசையில் கிடந்த கண்ணாடித் தூளைத் துணியில் ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.

மறுபடி தொலைபேசி அடித்தது.

"போய் எடு," என்றாள், நிமிராமலே.

நாற்காலி முதுகில் கிடந்த வெள்ளைச் சட்டையைத் தாண்டிப் போய் அவர் எடுத்தார்.

"லைன் கட் ஆயிருச்சு போல," என்றார் போதகர். "ஏதோ பாவ அறிக்கைன்னு சொல்ல வந்தீங்களே, தங்கச்சின்னு. என்ன விஷயம்?"

பிரசங்கி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், கண்ணாடிக்குள்ளிருந்த அப்பாவைப் பார்த்தார். நாற்காலி மேல் ஏறி நின்ற காலத்திலிருந்து ஒருநாளும் வார்த்தைக்குத் தவித்ததில்லை அவர். இப்போது முதல் வார்த்தையே வரவில்லை.